ஊரின் மூத்த வீடும் பங்கின் பழைய பதிவேடும்

எந்த ஊருக்குப் போனாலும் ஒரு வீட்டைக் காட்டி, "இந்த ஊரிலேயே பழைய வீடு இதுதான்" என்று சொல்வார்கள். எத்தனை ஆண்டு பழையது என்று கேட்டால் முந்நூறு என்பார் ஒருவர், நானூறு என்பார் அடுத்தவர். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மட்டும் பதில் இருக்காது. மனிதருக்குத் திருமுழுக்குச் சான்றிதழ் உண்டு. வீட்டிற்கு அப்படி எதுவும் கிடையாது. அப்படியானால் ஒரு வீட்டின் வயதை எப்படி அறிவது? தவறான வயதைச் சொல்லிக்கொண்டே அதைப் பாதுகாக்க முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு நல்ல விடை தரும் வீடு ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டில், புளோரிடா மாநிலத்தின் செயின்ட் அகஸ்டின் நகரில் இருக்கிறது. அதன் வரலாற்றில் பங்குப் பதிவேடுகளுக்கும் பெரிய இடம் உண்டு என்பதால், அதை நம் வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்லலாம்.

முதலில் ஊரைப் பற்றி. 1565-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள், புனித அகுஸ்தினாரின் திருநாளன்று, ஸ்பெயின் நாட்டுக் கப்பற்படைத் தலைவர் பெத்ரோ மெனெண்டஸ் தெ அவிலெஸ் புளோரிடாவின் கரையைக் கண்டார். அதனால்தான் ஊருக்கு அந்தப் புனிதரின் பெயர். செப்டம்பர் 8-ஆம் நாள், அன்னை மரியாவின் பிறப்பு விழாவன்று, அவர் கரையிறங்கினார். உடன் வந்த அருட்தந்தை பிரான்சிஸ்கோ லோப்பஸ் தெ மென்டோசா கிராஹாலஸ் அங்கே திருப்பலி நிறைவேற்றினார். வேளாங்கண்ணித் திருவிழாவும் இதே நாளில்தான் என்பதை நம் மக்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டின் பெருநிலப்பரப்பில் ஐரோப்பியர் நிறுவி, இடைவிடாமல் மக்கள் வாழ்ந்துவரும் நகரங்களுள் மிகப் பழையது இதுவே.

ஊர் 1565-இல் தொடங்கியது என்றால், பழைய வீடும் அந்தக் காலத்ததாகத்தானே இருக்கும்? அப்படித்தான் வெகுநாள் பலரும் நம்பினார்கள், நம்பவும் வைக்கப்பட்டார்கள். ஆனால் அந்த ஊரின் முதல் வீடுகள் மரத்தாலும் ஓலைக் கூரையாலும் ஆனவை. 1586-இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் பிரான்சிஸ் டிரேக் ஊரைத் தாக்கி எரித்தார். மீண்டும் கட்டினார்கள். 1702-இல் கரோலினாவின் ஆளுநர் ஜேம்ஸ் மூர் படையோடு வந்தார். ஊர் மக்களும் வீரர்களுமாக ஏறக்குறைய 1,500 பேர் சான் மார்க்கோஸ் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்து, ஐம்பது நாள் அளவுக்கு முற்றுகையைத் தாங்கினார்கள். கோட்டை வீழவில்லை. ஆனால் திரும்பிப் போகும் படை ஏறக்குறைய ஊர் முழுவதையும் எரித்துவிட்டுப் போனது. கோட்டை வாயிலைத் திறந்து வெளியே வந்த குடும்பங்களுக்குச் சாம்பல்தான் மிஞ்சியது.

கோட்டை மட்டும் ஏன் நின்றது? அது கல்லால் ஆனது. அதுவும் ஒரு விந்தையான கல். ஊருக்கு எதிரே இருக்கும் அனஸ்தாசியா தீவில் வெட்டி எடுக்கப்படும் அதற்குக் கொக்கீனா என்று பெயர். ஸ்பானிய மொழியில் சிறு சிப்பி என்று பொருள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கடலோரத்தில் குவிந்த சிப்பி ஓடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிப்போனவை அவை. நிலத்திலிருந்து வெட்டும்போது மென்மையாக இருக்கும். ஈரம் வற்றக் காய்ந்தபின் இறுகும். உள்ளே நுண்ணிய இடைவெளிகள் இருப்பதால் பீரங்கிக் குண்டு பட்டால் சிதறி உடையாமல், குண்டை உள்வாங்கிக்கொள்ளும். 1672 முதல் 1695 வரை அந்தக் கல்லால் கோட்டையைக் கட்டியிருந்தார்கள். 1702-இன் தீக்குப் பிறகு, வசதி உள்ள குடும்பங்கள் தங்கள் வீட்டையும் அதே கல்லால் கட்டத் தொடங்கின. எனவே நாம் பேசும் வீடு அந்தத் தீக்கு முந்தியதாக இருக்கமுடியாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வழக்கிற்கு இதுவே அடிப்படை.

வீடு இருப்பது புனித பிரான்சிஸ் தெருவில். எதிரே பிரான்சிஸ்கன் சபைத் துறவியரின் மடம் இருந்ததால் தெருவுக்கு அந்தப் பெயர். வீட்டைக் கட்டி வாழ்ந்தவர் தோமாஸ் கொன்சாலஸ் எர்னாண்டஸ். கனேரித் தீவுகளிலிருந்து வந்தவர். கோட்டையில் பீரங்கி வீரர். மனைவி பிரான்சிஸ்கா மரியா கெவாரா. பெரிய பதவியோ செல்வமோ உள்ளவர்கள் அல்லர். 1723-ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பட்ட அந்த வீடும் அவர்களைப் போலவே எளிமையானது. கொக்கீனாக் கல் சுவர், ஒரே தளம், சில அறைகள். தரை மட்டும் தனித்துச் சொல்லவேண்டியது. சிப்பி ஓட்டைச் சுட்டு எடுத்த சுண்ணாம்போடு மணலும் சிப்பித் துண்டுகளும் கலந்து கெட்டித்துப் போட்ட தரை அது. நம் கடற்கரை ஊர்களில் கிளிஞ்சல் சுண்ணாம்பால் கட்டிய வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அந்நாளைய ஸ்பானிய வீடுகளில் புகைபோக்கி கிடையாது. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்வார்கள். சன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. தெருப்பக்கம் மரக் கம்பிகளும் உள்ளே மரக் கதவுகளும்தாம். பெரும்பாலான வீடுகளுக்குத் தெருவிலிருந்து நேரே வாசல் இருக்காது. பக்கத்து முற்றத்தின் வழியாகத் திண்ணைக்குப் போய் வீட்டிற்குள் நுழையவேண்டும்.

இந்தக் குடும்பத்தைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்? அவர்கள் நாட்குறிப்பு எதையும் விட்டுச் செல்லவில்லை. ஊர்ப் பங்கின் பதிவேடுகளில்தான் அவர்கள் இருக்கிறார்கள். யாரை மணந்தார், எந்தப் பிள்ளைக்கு எப்போது திருமுழுக்கு, எந்தப் பிள்ளை எப்போது இறந்தது, ஞானப்பெற்றோர் யார் என்பவை பங்குத்தந்தை எழுதிவைத்த சில வரிகளில் கிடைக்கின்றன. திருமணங்களைப் பதிவுசெய்யவேண்டும் என்று திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இல் ஆணையிட்டது. ஊர் பிறந்தது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. செயின்ட் அகஸ்டின் பங்கில் நமக்குக் கிடைத்துள்ள பதிவுகள் 1594-இலிருந்து தொடங்குகின்றன. ஒரு பீரங்கி வீரரின் வீட்டு வரலாற்றை முந்நூறு ஆண்டுகள் கழித்து யாரோ தேடுவார்கள் என்று அந்தக் குருக்கள் நினைத்திருக்கமாட்டார்கள். தம் கடமையைச் செய்தார்கள், அவ்வளவுதான்.

1763-இல் பாரிஸ் உடன்படிக்கைப்படி புளோரிடா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஏறக்குறைய ஊர் மக்கள் எல்லாருமே, 3,000-க்கும் மேற்பட்டவர்கள், கப்பலேறிக் கியூபாவுக்குப் போனார்கள். தோமாஸ் கொன்சாலஸின் குடும்பமும் போனது. ஊரே காலியாவது என்பதை வாசிக்கும்போது எளிதாகத் தோன்றும். நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டைப் பூட்டிவிட்டுக் கடல் கடப்பது எளிதா? ஈழத்தில் வீட்டையும் ஆலயத்தையும் விட்டுப் புறப்பட்ட குடும்பங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அந்த மக்கள் தங்களோடு எடுத்துச் சென்றவற்றுள் பங்குப் பதிவேடுகளும் இருந்தன. அவை அவானா நகருக்குப் போய்ச் சேர்ந்தன.

போவதற்குமுன் நடந்த ஒரு வேலை நமக்கு முக்கியம். சொத்துக்களை விற்கும் பொறுப்பில் இருந்த ஸ்பானிய அலுவலர் எலிக்சியோ தெ லா புவெந்தே 1764 சனவரியில் ஊரின் வரைபடம் ஒன்றைத் தயாரித்தார். ஒவ்வொரு மனையையும் எண்ணிட்டு, உரிமையாளர் யார், வீடு கல்லா மரமா என்று எழுதிவைத்தார். அதில் புனித பிரான்சிஸ் தெருவில் தோமாஸ் கொன்சாலஸின் கல்வீடு இருக்கிறது. வீட்டின் வயதைத் தீர்மானிக்கும் ஆவணங்களுள் இதுவே தலையாயது.

அடுத்து வந்தவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1775-இல் ஆங்கிலேயப் படையின் சம்பள அலுவலர் ஜோசப் பீவெட் வீட்டை வாங்கினார். அவர் மனைவி மேரி எவன்ஸ் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. இவர்கள் காலத்தில்தான் கல்வீட்டின்மேல் மரத்தாலான மாடி எழுந்தது. புகைபோக்கியோடு கணப்பு அடுப்பும் கண்ணாடிச் சன்னலும் வந்தன. 1784-இல் ஊர் மீண்டும் ஸ்பெயின் வசமானது. பெரும்பாலான ஆங்கிலேயர் வெளியேறியபோது பீவெட் தம்பதியர் தங்கிவிட்டார்கள். 1786-இல் பீவெட் இறந்தார். மேரி, தம்மைவிட வயதில் மிக இளைய ஜான் அட்சன் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். புதுக் கணவர் வைத்த கடனில் வீடு ஏலத்துக்குப் போனது. 1790-இல் அதை எடுத்தவர் ஹெரோனிமோ அல்வாரஸ். ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியிலிருந்து வந்த ரொட்டிக் கடைக்காரர். பின்னாளில் ஊரின் மேயராகவும் ஆனார். ஸ்பெயின் 1812-இல் ஏற்ற அரசியல் சாசனத்தின் நினைவாக 1813-இல் ஊர்ச் சதுக்கத்தில் எழுப்பிய தூண் இன்றும் நிற்கிறது. அதில் அவர் பெயரைக் காணலாம். மன்னர் திரும்பிவந்து சாசனத்தை நீக்கியபோது இத்தகைய தூண்களை இடிக்கச் சொன்னார். செயின்ட் அகஸ்டினில் தூணை இடிக்காமல் வைத்துக்கொண்டார்கள். அல்வாரஸின் மகன் அந்தோனியோ, 1821-இல் புளோரிடா அமெரிக்காவோடு இணைந்தபின், பொது ஆவணங்களின் காப்பாளராகப் பணியாற்றினார். இந்தக் குடும்பம் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அந்த வீட்டில் வாழ்ந்து, 1882-இல் விற்றது.

இனிமேல்தான் வீட்டுக்குச் சோதனைக் காலம். 1880-களில் செயின்ட் அகஸ்டின் பணக்காரர்கள் குளிர்காலம் கழிக்கும் ஊராகிவிட்டது. இரயில் வந்தது, 1888-இல் பிரமாண்டமான போன்சே தெ லெயோன் விடுதி திறக்கப்பட்டது. வந்தவர்கள் எல்லாரும் பழமையைத் தேடினார்கள். பழமைக்கு விலை கிடைக்கும் என்று தெரிந்தவுடன் ஊரில் "மிகப் பழைய வீடுகள்" முளைத்தன! ஒன்றுக்கொன்று போட்டி. நம் வீட்டை வாங்கிய கார்வர் என்ற பல் மருத்துவர் அதற்குப் பழங்காலத் தோற்றம் வேண்டும் என்று ஒரு கோபுரத்தைச் சேர்த்தார். பிறகு கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார். பீரங்கி வீரரின் எளிய வீட்டில் இல்லாதிருந்த கோபுரம், பழமையைக் காட்டுவதற்காகப் புதிதாக வந்தது.

1883-இல் தொடங்கப்பட்ட செயின்ட் அகஸ்டின் வரலாற்றுக் கழகம் 1918-இல் வீட்டை விலைக்கு வாங்கியது. இது பெரிய நன்மை. வாங்கியிராவிட்டால் இந்த வீடு இன்று இருந்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் கழகமும் பழைய பழக்கத்தை உடனே விட்டுவிடவில்லை. வீடு 16-ஆம் நூற்றாண்டினது என்றே அதுவும் சொல்லிவந்தது. 1921-இல் சார்லஸ் ரெனால்ட்ஸ் என்ற எழுத்தாளர் ஒரு சிறு நூலை வெளியிட்டு இதை நேரடியாக எதிர்த்தார். வீடு 1565-இல் கட்டப்பட்டது என்று சொல்கிறீர்களே, சான்று எங்கே என்பது அவர் கேள்வி. 1586-இலும் 1702-இலும் எரிந்த ஊரில், எரியாமல் நின்ற வீடு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

ஊர் மக்களுக்கு அது இனிக்கவில்லை. தன் ஊரின் பெருமையைக் குறைக்கிறவரை யாருக்குப் பிடிக்கும்? நம் பங்குகளிலும் இதே நிலைதான். இந்தச் சிற்றாலயம் புனித சவேரியார் கட்டியது என்று தலைமுறையாகச் சொல்லிவரும் ஊரில், "ஆவணப்படி இது 1800-களில் கட்டியது, ஐயா" என்று ஒருவர் சொன்னால் அவரை விசுவாசம் குறைந்தவராகப் பார்ப்போம். ஆயினும் ரெனால்ட்ஸ் செய்தது வீட்டுக்குப் பகை இல்லை. பொய் வயதை நம்பினால் பாதுகாப்பும் பொய் வழியில்தான் போகும். 1565-இன் வீடு என்று நம்புகிறவர், மாடியையும் கணப்பு அடுப்பையும் பிற்சேர்க்கை என்று இடித்துத் தள்ளி, கற்பனையில் உள்ள ஒரு வீட்டைக் கட்டிவைத்திருப்பார்.

கழகம் மெல்ல மெல்லச் சான்றின் பக்கம் வந்தது. அதன் பாராட்டத்தக்க பகுதி இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. நுழைவுக் கட்டணம் வாங்கும் ஒரு நிறுவனம், தன் விளம்பரத்திலிருந்து நூற்றைம்பது ஆண்டுகளைக் கழிக்கச் சம்மதித்தது. 1950-களில் வீட்டைச் சுற்றியும் தரைக்குக் கீழும் அகழ்ந்து பார்த்தார்கள். 1764-இன் வரைபடத்தையும் 1788-இல் மரியானோ தெ லா ரோக்கே வரைந்த வரைபடத்தையும் விற்பனைப் பத்திரங்களையும் ஒப்பிட்டார்கள். அந்த மனையில் 1600-களிலேயே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. நிற்கும் வீடு 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது என்பதும் தெளிவானது. பிறகு 1959, 1960-ஆம் ஆண்டுகளில் வீட்டைப் பழுதுபார்த்துச் சீரமைத்தார்கள்.

அங்கே ஒரு நெருக்கடியான கேள்வி எழுந்திருக்கும். எந்தக் காலத்து வீடாக அதைத் திருப்புவது? ஸ்பானிய வீரர் வாழ்ந்த ஒருதள வீடாகவா? ஆங்கிலேயர் மாடி கட்டிய வீடாகவா? ரொட்டிக் கடைக்காரரின் வீடாகவா? பல் மருத்துவரின் கோபுரம் போனது. ஆனால் கீழே ஸ்பானியக் கல்லும் மேலே ஆங்கிலேய மரமுமாக வீடு இன்றும் நிற்கிறது. குடும்பங்கள் தம் தேவைக்காகச் சேர்த்தவை வீட்டின் வாழ்க்கை. வேடிக்கைக்காகச் சேர்த்தது அப்படியன்று. இந்த வேறுபாட்டை உணர்ந்து செய்த முடிவு சரியானது என்றே சொல்வேன். கோபுரமும் ஒருவகையில் வரலாறுதானே என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1970-இல் அமெரிக்க அரசு இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. கொன்சாலஸ் - அல்வாரஸ் இல்லம் என்பது அதிகாரப்பூர்வப் பெயர்.

வயதைச் சரியாக அறிந்ததால் சுவரைச் சரியாகப் பேணவும் வழி பிறந்தது. கொக்கீனா மூச்சுவிடும் கல். ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் ஈரம் வெளியேறும். பூச்சு உதிர்ந்தால் மீண்டும் பூசலாம். சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு பூத்து, கல் உள்ளுக்குள்ளேயே மாவாகும். வெளியே பார்ப்பதற்கு மட்டும் உறுதியாக இருக்கும். நம் ஊர்களில் சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய பங்கு இல்லங்களுக்கும் ஆலயச் சுவர்களுக்கும் "பக்காவாக" சிமெண்ட் பூசி, சில ஆண்டுகளில் சுவர் பெயர்ந்து விழுவதைப் பார்க்கிறோம். பழைய சுவருக்குப் பழைய காரையே மருந்து. காரை அரைக்கத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது கடினம் என்பது உண்மை. கிடைக்கும்வரை சிமெண்ட் பூசாமல் காத்திருப்பது பூசுவதைவிட நல்லது.

செயின்ட் அகஸ்டினுக்கு இன்று வேறு பகைவன், தண்ணீர். கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லாத ஊர். 2016 அக்டோபரில் மேத்யூ புயலும் 2017 செப்டம்பரில் இர்மா புயலும் பழைய நகரின் தெருக்களை மூழ்கடித்தன. தீக்கு அஞ்சிக் கல்லுக்கு மாறிய ஊர், இப்போது கல்லுக்குள் ஏறும் உப்புநீருக்கு வழி தேடுகிறது.

பதிவேடுகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். கியூபாவுக்குப் போனவை அங்கேயே நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. 1906-இல் செயின்ட் அகஸ்டினுக்குத் திரும்பிவந்தன. இன்று மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டம் அவற்றை ஒளிப்படமெடுத்துக் கணினியில் ஏற்றியிருக்கிறது. திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் ஒவ்வொரு பங்கிலும் இருக்கவேண்டும் என்றும், பழைய பதிவேடுகளைக் கவனமாகக் காக்கவேண்டும் என்றும் திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் எண் கூறுகிறது. நம் நாட்டில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதற்குமான சட்டம் 1969-இல்தான் வந்தது. அதற்கு முந்திய தலைமுறைக்குப் பல சிற்றூர்களில் திருமுழுக்கு ஏடே வயதுச் சான்று. அதைக் கரையானும் மழையும் தின்ன விடாமல், தரையிலிருந்து உயர்த்திய இரும்பு அலமாரியில் வைப்பதற்கும், ஒளிப்படம் எடுத்து வேறோர் இடத்தில் ஒரு படி வைப்பதற்கும் பெரிய செலவு ஆகாது. பக்கங்களைப் பசைத் தாளால் ஒட்டுவதும் நெகிழித் தாளுக்குள் அடைப்பதும்தான் கூடாத வேலைகள். கிழிந்ததைக் கிழிந்தபடியே உறையில் வைத்திருந்தால் தெரிந்தவர் ஒருநாள் சரிசெய்வார்.

அந்தப் பதிவேடுகளில் வீடு உள்ளவர்கள் மட்டும் இல்லை. செயின்ட் அகஸ்டினில் அடிமைகளும் வாழ்ந்தார்கள். வரைபடத்தில் அவர்களுக்கு மனை எண் கிடையாது, பத்திரத்தில் பெயர் கிடையாது, அவர்கள் படுத்துறங்கிய இடம் எதையும் பழமைச் சின்னமாக யாரும் காட்டப்போவதில்லை. ஆனால் 1606-ஆம் ஆண்டின் ஏட்டில், கறுப்பின அடிமைப் பெற்றோருக்குப் பிறந்த அகுஸ்தின் என்ற குழந்தையின் திருமுழுக்குப் பதிவாகியிருக்கிறது. அந்த ஊரின் மிகப் பழைய வீடு எழுவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்னால்.